குப்புறப் படுங்க, அசையாதீங்க: மார்பு ஸ்கேன் அறைக் கதைகள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவளின் தொழில், எல்லாவற்றையும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டுக் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருப்பது. பார்ப்பதற்குப் படிப்பு இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பதை மட்டும் நாமாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

மன்னார்புரம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். வீடு கே.கே. நகர். அடையாள அட்டையில் டெக்னாலஜிஸ்ட் என்று போட்டிருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் வெறும் ‘சிஸ்டர்’. தலை, முதுகு, முழங்கால் என்று எல்லாம் எடுக்கிறோம். அதையெல்லாம் விட்டுவிட்டு மார்பு ஸ்கேனைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். மார்பில் கட்டி தட்டுப்பட்டு, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பார்த்தும், சாதாரணக் கட்டியா கேன்சரா என்று டாக்டருக்குத் தெளிவாகாத பெண்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருவார்கள்.

மேஜையில் இரண்டு பள்ளம் இருக்கும். மார்பு அதில் இறங்குகிற மாதிரி குப்புறப் படுக்க வேண்டும். அரைமணி நேரம் அசையக் கூடாது. மெஷின் தலைமாட்டில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் கை நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றுவோம். நல்ல கட்டி அந்த மருந்தை நிதானமாக வாங்கி வைத்துக்கொள்ளும். கெட்டது அவசர அவசரமாகக் குடித்துவிட்டு அவசரமாகவே துப்பிவிடும். ஓரம் வழவழவென்று இருக்கிறதா, முள்முள்ளாக இருக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். எல்லாக் கட்டியும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்று சொல்ல முடியாது. சந்தேகம் மிச்சமிருந்தால் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள்.

நீங்களும் ஏதாவது ஒரு வெயிட்டிங் ஹாலில் டோக்கனைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, துணைக்கு வந்தவர் பதில் சொல்லியிருப்பார். அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

மூன்று முடிச்சு, இரண்டாம் தடவை

எங்கள் அறைக்குள் ஒரு ஊக்குகூடப் போகக் கூடாது. காந்தம் இழுத்துவிடும். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் என்னென்ன மாட்டி வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். லால்குடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சங்கிலியில் ஊக்கு ஒரு கொத்து, முள்வாங்கி, பீரோ சாவி. “இதையெல்லாம் எடுத்துடுறேன் சிஸ்டர். தாலிய மட்டும் கழட்டச் சொல்லாதீங்க” என்றார். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்று படித்தவர்கள் சட்டம் பேசுவார்கள். இழுக்காதுதான். ஆனால் சங்கிலி கிடக்கிற இடத்தில் படம் கெட்டுப்போகும். நாங்கள் பார்க்க வேண்டியதும் அதே இடம்தான்.

இதற்காகவே எங்கள் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் வைத்திருக்கிறோம். முதலில் அதைக் கட்டிக்கொண்டு, அப்புறம் தங்கத்தைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது. கட்டுவதற்குப் புருஷன் வர வேண்டும். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் உடை மாற்றும் அறைத் திரைக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி, முடிச்சுப் போட்டார். கண் கலங்கியிருந்தது. பாவம், பெண்டாட்டிக்கு என்ன ஆகுமோ என்று கலங்குகிறார் என்று நினைத்து எனக்கும் மனசு கனத்தது. ஸ்கேன் முடிந்து கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கட்டி இருக்குறது எங்கம்மாவுக்குத் தெரியும்ங்க, அது பரவால்ல. தாலியக் கழட்டுனது மட்டும் தெரிய வேணாம்.”

முதுகுவலி என்று வந்த மாமி

பத்மா மாமி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. கூடவே அவர் வீட்டுக்காரரின் அக்கா ருக்மணி மாமி. இடது மார்பில் கட்டி. பார்த்த டாக்டர் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். ‘குத்தினா பரவிடும்’ என்று யாரோ ருக்மணி மாமியின் காதில் ஓதியிருக்கிறார்கள். குத்தாமலே பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறதாமே என்று டாக்டரை அரித்து எடுத்து, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் நாங்கள் சில கேள்விகள் கேட்போம். மாதவிலக்கு எப்போது வந்தது என்பது முக்கியமான கேள்வி. வந்ததற்கு மறுவாரம் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் ஒன்றுமே இல்லாத நல்ல சதைகூட மருந்தைக் குடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கட்டியை அதற்குள் தேட முடியாது. நான் பத்மா மாமியைப் பார்த்துத்தான் கேட்டேன். “போன வெள்ளிக்கிழமை. அவளுக்குக் கணக்கா வந்துடும்” என்றார் ருக்மணி மாமி. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? “ஒண்ணும் கிடையாது. தலைவலிக்குக்கூடச் சாப்பிட மாட்டா.” குடும்பத்தில் யாருக்காவது மார்பில் கேன்சர் இருந்ததா? “பெருமாளே! எங்காத்துல யாருக்கும் கிடையாது.”

எங்காத்துல என்றால் ருக்மணி மாமி பிறந்த வீடு. பத்மா மாமி வாழ்க்கைப்பட்ட வீடு. அந்த வீட்டு ரத்தத்துக்கும் இந்தக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? இதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். பெண்ணின் உடம்பைப் பற்றிக் கேட்டால் புகுந்த வீட்டு வரலாறு வந்து விழும். “உங்கம்மா பக்கம் யாருக்காவது?” என்று பத்மா மாமியிடம் மறுபடியும் கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். “அவ அம்மா வயித்துவலில போனா, பாவம், சின்ன வயசு” என்று அதற்கும் பதில் பக்கத்திலிருந்தே வந்தது. பத்மா மாமி வாயை மூடிக்கொண்டார். உடை மாற்ற அவர் உள்ளே போனதும் ருக்மணி மாமி என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“யாராவது கேட்டா முதுகுவலிக்கு ஸ்கேன்னு சொல்லுங்கோ. ஒரே பொண்ணு, முந்தாநாள்தான் நிச்சயதார்த்தம் ஆச்சு. தையில கல்யாணம். அம்மாக்காரிக்கு இந்த மாதிரின்னு வெளியில தெரிஞ்சா பிள்ளையாத்துக்காரா என்ன நெனப்பா?”

என் பல்வலி

எங்கள் முகத்தைப் பார்த்து ரிசல்ட் படிக்கிறவர்கள் ஏராளம். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர், எங்களுக்குச் சொல்ல உரிமை கிடையாது என்று ஆயிரம் தடவை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். சிரித்தால் நல்ல கட்டி. சிரிக்காவிட்டால் போச்சு. ‘நல்லா சாப்பிடுங்கம்மா’ என்று ஒரு வார்த்தை வாய் தவறிச் சொன்னால், இருக்கிற நாளில் சாப்பிடச் சொல்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். அதனால் கல்யாண வீட்டிலும் சேராத, துக்க வீட்டிலும் சேராத ஒரு மூஞ்சியை நான் பழகி வைத்திருக்கிறேன். வீட்டிலும் அதே மூஞ்சியோடு திரிவதாக என் வீட்டுக்காரர் குறை சொல்வார்.

ஒரு நாள் எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. கன்னம் வீங்கி, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. லீவு கிடைக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியை அழைத்து வந்திருந்தார். ஸ்கேன் முடிந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்கேன் எடுத்துக்கொண்ட அந்த அம்மா, கையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல் வந்து, அவருக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவி விட்டுக்கொண்டிருந்தார். கட்டி அந்த அம்மாவுக்கு, ஆறுதலும் அவரே சொல்ல வேண்டும். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி. வாங்க வந்த மனுஷன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் என் மேல் பாய்ந்தார்.

“பல்வலின்னா கன்னத்துல ஒரு பிளாஸ்திரியாவது ஒட்டிக்கக் கூடாதா சிஸ்டர்? ஊர்ல இருக்குற என் தம்பி, தங்கச்சிங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்!”

மாத்திரையில் சேராத மாத்திரை

பத்மா மாமியின் படம் திரையில் வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மார்கழிக் காலையில் காவிரிப் பாலத்தில் பனி இறங்கியிருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் வெள்ளை. கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் சென்டர் டாக்டர் வந்து பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். “நாள் சரியாக் கேட்டீங்களாம்மா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நேராக உடை மாற்றும் அறைக்குப் போனேன். பத்மா மாமி மட்டும் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டேன். “இன்னும் வரவேயில்லம்மா. நிச்சயதார்த்தத்துக்காக மாத்திரை போட்டுண்டேன்.”

விசேஷ நாளில் தீட்டு வந்துவிடக் கூடாது என்று தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கிறது. ஊரில் கல்யாணமா, கிரகப்பிரவேசமா, கோயில் உற்சவமா, மெடிக்கல் ஷாப்பில் மிட்டாய் மாதிரி கொடுக்கிறார்கள். அது ஹார்மோன். அதைப் போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் படம் குழம்பிப்போக வழியுண்டு. ருக்மணி மாமி சொன்ன வெள்ளிக்கிழமை, மாத்திரை போடாமல் இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை. கணக்கில் பிசகில்லை, உடம்பில்தான் வரவில்லை.

டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, பத்மா மாமியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். “குத்தினாப் பரவும்ங்கிறது சும்மா பேச்சு. இப்பவே ஊசி வைச்சுப் பார்த்துடலாம். அதுக்கு மனசு வரலைன்னா, மாத்திரைய நிறுத்தி, வந்த மறுவாரம் திரும்ப வாங்க, மறுபடி எடுக்கலாம். ரெண்டும் இல்லாம மட்டும் இருந்துடாதீங்க.” ருக்மணி மாமி எழுந்துவிட்டார். “கல்யாணம் ஆகட்டும் டாக்டர்.” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் மேல் பாதி, வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்த பத்மா மாமி மேல் பாதி. வெளியே வந்ததும், மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நான் கேட்டேனே மாமி, ஏன் சொல்லவில்லை என்று ருக்மணி மாமியை நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதெல்லாம் மாத்திரையில சேத்தியா? ஆத்துல விசேஷம்னா எல்லாரும் போட்டுக்கறதுதானே!”

அவருக்குப் பிரஷர், அவளுக்குப் பயம்

பெரிய தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பதி. பையனும் பெண்ணும் வெளியூரில். மனைவி உள்ளே படுத்திருக்கும்போது கணவர் என் அறைக் கதவைத் தட்டினார். எது வந்தாலும் அவளிடம் சொல்ல வேண்டாம், பயந்த சுபாவம், சாப்பிடவே மாட்டாள், ரிப்போர்ட்டைத் தன்னிடம் மட்டும் கொடுக்க வேண்டும் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அத்தனை சத்தத்திலும் இம்மி அசையாமல் படுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த தெளிவான படங்களில் அதுவும் ஒன்று. பயந்த சுபாவமாம்.

படம் தெளிவாக இருந்தது, சேதி நல்லதாக இல்லை. அப்புறம் ஊசி வைத்துப் பார்த்ததிலும் அதேதான் வந்தது. அன்றைக்கு ஸ்கேன் முடிந்ததும் மனைவியை மேஜையிலிருந்து இறக்கி உட்கார வைத்தேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அவருக்குப் பிரஷர் இருக்கு சிஸ்டர். என்ன வந்தாலும் ரிப்போர்ட்ட எங்கிட்ட குடுத்துட்டு, அவர்கிட்ட வெறும் நீர்க்கட்டின்னு சொல்லிடுங்க.”

லீவு

மார்கழி போனது. தை பிறந்தது. பத்மா மாமி வரவில்லை. ரிசப்ஷனில் அன்றைக்கு அன்றைக்கு வருகிறவர்கள் பெயரைப் படிக்கும்போது ஸ்ரீரங்கம் என்று வந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். வேறு யாராவதாக இருக்கும். கல்யாணம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும், மாமி பட்டுப்புடவையில் எல்லாரையும் வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார், உள்ளே கட்டி அதுபாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்து என்ன பண்ண? நம்மால் போய் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

அந்தச் சமயத்தில் எங்கள் கே.கே. நகரிலிருந்தே ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ஒரு மாசமாகத் தூங்கவில்லையாம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளை யார் வளர்ப்பார்கள் என்று யோசித்து, தன் தங்கையிடம் பேசிக்கூட வைத்துவிட்டாளாம். அவளுக்கு நல்ல கட்டி. டாக்டரே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, “பயப்பட ஒண்ணுமில்லம்மா, ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துக்கலாம்” என்று சொன்னார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நல்ல சேதி சொல்கிற நாள் எங்களுக்கும் பண்டிகைதான். கூட நின்ற அவள் புருஷன் வாட்சைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் லீவு போட்டிருக்கவே மாட்டேனே.”

தானே பதில் சொன்ன மாமி

மாசி மாதம் ஒரு காலை, பத்மா மாமி தனியாக வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்திருக்கிறார். யாரும் கூட இல்லை. அதே கேள்விகளைக் கேட்டேன். இந்தத் தடவை அவரே பதில் சொன்னார். மாதவிலக்கு போன வாரம், நிஜமாகவே வந்தது. மாத்திரை எதுவும் இல்லை, கல்யாணத்துக்குப் போட்டதோடு சரி. குடும்பத்தில்? “எங்கம்மாவுக்கு இதேதான். வயித்துவலி இல்லை.” சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விட்டார்.

பனி விலகிவிட்டது. இடது பக்கம் கட்டி தனியாகத் தெரிந்தது. மருந்து ஏறிய கையோடு பளீரென்று வெளுத்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. ஓரமெல்லாம் முள். கெட்டது பரவினால் முதலில் போய் உட்காருகிற அக்குள் முடிச்சு ஒன்றும் பெருத்திருந்தது. பழைய படத்தை எடுத்து நானும் டாக்டரும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் அந்த முடிச்சு இவ்வளவு பெரிதாக இல்லை. முதல் தடவை வந்தபோதே ஊசி வைத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு யார் வயிறு எரிய வேண்டும்?

டாக்டர் மாமியை உட்கார வைத்து மறைக்காமல் சொன்னார். பார்த்தால் கெட்டது மாதிரிதான் இருக்கிறது, ஊசி வைத்து உறுதி பண்ண வேண்டும் என்றார். “இன்னிக்கே வையுங்கோ” என்றார் மாமி. இந்த வியாதி எல்லார் வீட்டிலும் தாயிடமிருந்து பெண்ணுக்கு வருவதில்லை, ஆனால் உங்கள் அம்மாவுக்கும் இருந்திருப்பதால் உங்கள் பெண் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்து வர வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஊசிக்காகக் காத்திருக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இருந்ததை அன்றைக்கே ஏன் மாமி சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சொல்லிப் பழக்கமில்லம்மா. எங்கம்மா எதுல போனான்னு எனக்கே ஆத்துல யாரும் சொல்லலை. கல்யாணமாகிக் குழந்தை பெத்தப்புறம், எங்கயோ ஒரு கல்யாணப் பந்தியில, அம்மாவப் பார்த்த டாக்டரோட கம்பவுண்டர் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டுண்டே சொன்னார்.”

ஸ்பீக்கர்

ஊசிப் பரிசோதனையில் கேன்சர்தான் என்று வந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணப்போகிற டாக்டரிடம் கொடுக்க, ஸ்கேன் சி.டி. வாங்குவதற்காகப் பத்மா மாமி வந்தார். இந்தத் தடவை ருக்மணி மாமியும் கூட. அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பி பெண்டாட்டி மேல் அந்த மாமிக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, தானே ஆற்றி, பத்மா மாமியின் கையில் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே பேசினார்.

“மைதிலிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம் பத்மா. புக்காத்துக்குப் போய் ரெண்டு மாசம்கூட ஆகலை. இப்பச் சொன்னா, வியாதிய மறைச்சுப் பொண்ணக் குடுத்துட்டான்னு அவாத்துல பேச்சு வரும். தலைதீபாவளி ஆகட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்.” தலைதீபாவளி ஆனால் சீமந்தம் ஆகட்டும் என்பார். அது ஆனால் குழந்தைக்கு ஆண்டுநிறைவு ஆகட்டும் என்பார். பஞ்சாங்கத்தில் நல்ல நாளா இல்லை? கவுண்டருக்குப் பின்னால் நின்று சி.டி.யை உறையில் போட்டுக்கொண்டே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பத்மா மாமி காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “அக்கா, நீங்க சொன்னா நான் எதையும் கேப்பேன். இது ஒண்ணு மட்டும் முடியாது” என்று சொல்லிவிட்டு நம்பரை அழுத்தினார். ருக்மணி மாமி பதறிப்போய் முழங்கையைப் பிடித்தார். பத்மா மாமி கையை உதறவில்லை. பிடித்தபடியே இருக்க விட்டுவிட்டுப் பேசினார். “மைதிலி, அம்மா பேசறேன். முதுகுவலின்னு சொன்னேனே, அது பொய். மார்ல கேன்சர். எங்கம்மா போனதும் இதுலதான். அழாதே. நான் சொல்றத நன்னாக் கேட்டுக்கோ, நீயும் டாக்டரண்ட போய்க் காமிக்கணும்.” டோக்கன் கூப்பிடுகிற பெண்கூட மைக்கைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். “மெதுவாப் பேசு பத்மா, எல்லாரும் பாக்கறா” என்று ருக்மணி மாமி கெஞ்சினார். அந்தப் பக்கமும் மகள் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும், மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று. பத்மா மாமி எழுந்து நின்றுகொண்டார். அந்த ஒல்லி உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“பக்கத்துல இருந்தா நல்லதாப் போச்சு. போனை ஸ்பீக்கர்ல போடு, அவாளும் கேக்கட்டும்.”

கட்டி நல்லதா கெட்டதா என்று பார்க்க எங்கள் மெஷினுக்கு அரைமணி நேரம் போதும், அது யாருடைய கட்டி என்று ஒரு குடும்பத்துக்கு விளங்குவதற்குத்தான் ஒரு கல்யாணமே நடந்து முடிய வேண்டியிருந்தது.